எலிவேட்டர் இணைப்பில் ஆட்டம்: கேபிளை இறுக்குவதற்கு முன்

யீஷூனில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். விமானப் பராமரிப்புப் படிப்பில் கடைசி ஆண்டு, சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையத்தில் ஒரு ஹேங்கரில் பயிற்சி. அங்கே வந்திருக்கும் பழைய செஸ்னா 172 ஒன்றில் விமானியின் கைப்பிடிச் சக்கரமான யோக்கைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால், ஒரு விரல் அகலம் போன பிறகுதான் வாலில் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் அசையும் பலகை) அசைகிறதாம். ஒருவர் கேபிளை இறுக்கு என்கிறார். இன்னொருவர் போல்ட்டுகளை மாற்றினால் போதும் என்கிறார். யார் சொல்வது சரி, தேய்ந்த துளையை வெல்டு வைத்தோ எப்பாக்சி பூசியோ அடைக்கலாமா என்பது கேள்வி.

தம்பி, முதலில் ஒன்று. எங்கே ஆட்டம் என்று கண்டுபிடிக்கும்வரை கேபிளில் யாரும் கை வைக்க வேண்டாம், விமானமும் பறக்க வேண்டாம். யோக்கில் ஒரு விரல் அகலம் என்பது சின்ன விஷயம் இல்லை.

செஸ்னா 172இல் யோக்கில் இருந்து எலிவேட்டர் வரைக்கும் உள்ள பாதையை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். யோக் தண்டு பேனலுக்குப் பின்னால் இருக்கும் கண்ட்ரோல் அமைப்பை அசைக்கிறது. அங்கிருந்து இரண்டு கேபிள்கள் கப்பிகள் மேல் ஓடி, தரைக்கு அடியில் வால்கூட்டுக்குள் போகின்றன. அங்கே ஒரு தடுப்புச் சுவரில் பொருத்திய பெல்கிராங்க், அதாவது ஒரு நெம்புகோல், அவற்றை வாங்கிக்கொள்கிறது. அந்தப் பெல்கிராங்கில் இருந்து ஒரு புஷ்-புல் ராடு, இரண்டு எலிவேட்டர்களுக்கும் நடுவில் இருக்கும் கைக்குப் போகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு போல்ட், ஒரு பேரிங், அல்லது துளைக்குள் உறைபோல் இருக்கும் ஒரு புஷ்ஷிங். தேய்வது அங்கேதான்.

இப்போது கேபிளை இறுக்கினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். இரண்டு கேபிள்களும் சேர்ந்து ஒரு வளையம். வளையத்தில் இழுவிசை இருக்கும்போது, அதற்குள் இருக்கும் போல்ட்டுகள் எல்லாம் தத்தம் துளையின் ஒரே பக்கத்தில் அழுந்தி நிற்கும். துளை எவ்வளவு நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலும் ஆட்டம் வெளியே தெரியாது. இன்னும் இறுக்கினால் இன்னும் நன்றாக ஒளிந்துகொள்ளும். ஆனால் பெல்கிராங்கில் இருந்து எலிவேட்டருக்குப் போகும் ராடு வளையத்துக்கு வெளியே இருக்கிறது. கேபிளை எவ்வளவு இறுக்கினாலும் அந்த ராடின் இரண்டு முனைகளில் உள்ள ஆட்டம் ஒரு மயிரிழைகூடக் குறையாது. ஆக, இறுக்குவதால் உள்ளே இருக்கும் தேய்மானம் மறைகிறது, வெளியே இருப்பது அப்படியே கிடக்கிறது. கூடவே கப்பிகளின் பேரிங்கும் தாங்கிகளும் தேவையில்லாத சுமையை வாங்குகின்றன, யோக் கனத்துப்போய் விமானிக்குக் கையில் வர வேண்டிய உணர்வும் போய்விடுகிறது.

கேபிள் தளர்ந்து இருப்பதாலும் ஆட்டம் வரலாம். அதற்குத்தான் இழுவிசை மானி இருக்கிறது. பராமரிப்புக் கையேட்டில் உங்கள் மாடலுக்கு என்ன எண் கொடுத்திருக்கிறதோ அதை வைத்து அளந்து பாருங்கள். எண் குறைவாக இருந்தால், ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு விடை வேண்டும். கப்பித் தாங்கி வளைந்திருக்கிறதா, கேபிளில் இழைகள் அறுந்திருக்கின்றனவா, கேபிளின் இழுவிசையைக் கூட்டிக் குறைக்கும் திருகான டர்ன்பக்கிளின் லாக் கழன்றதா? இன்னொன்று, அலுமினியம் எஃகைவிடச் சுமார் இரண்டு மடங்கு விரியும். ஐந்து மீட்டர் நீளத்தில், வெப்பம் 10 டிகிரி கூடினால் விமான உடல் கேபிளைவிட அரை மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு, இழுவிசையைக் கூட்டிவிடும். அதனால் சிலேத்தார் வெயிலில் மதியம்வரை நின்ற விமானத்தை உள்ளே இழுத்து வந்த உடனே அளக்காதீர்கள். நிழலில் ஆறவிட்டு அளக்கவும்.

சரி, ஆட்டத்தை எப்படித் தேடுவது? எனக்கு இதைப் பழக்கியவர் ஒரு தமிழர். பிரிட்டிஷ் விமானப்படை சிலேத்தாரில் இருந்த காலத்தில் அங்கே வேலை கற்றவர். கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்க்கச் சொல்வார். ஒருவர் வாலில் நின்று எலிவேட்டரை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் உட்கார்ந்து யோக்கை மெதுவாக, மிக மெதுவாக முன்னும் பின்னும் தள்ள வேண்டும். மூன்றாமவர் வால்கூட்டின் திறப்பு வழியாகக் கையை விட்டு, விரல் நுனியில் பாதி போல்ட் தலை மேலும் பாதி அது நுழையும் காதின் (துளையுள்ள உலோக நீட்சியின்) மேலும் படும்படி வைக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக அசைந்தால் அந்த இணைப்பு நல்லது. ஒன்று முந்தி மற்றது பிந்தினால் விரல் உடனே சொல்லிவிடும். பத்தில் ஒரு மில்லிமீட்டரைக் கண்ணால் பார்க்க முடியாது, விரலால் உணர முடியும். நாற்பது வயதுக்கு மேல் எனக்குப் பார்வை குறைந்துவிட்டது. ஆனாலும் இந்த வேலையை இன்றைக்கும் நம்பிக்கையோடு செய்கிறேன் என்றால் அவர் கற்றுக் கொடுத்த விரல்தான் காரணம்.

எலிவேட்டர் தன் கனத்தாலேயே ஒரு பக்கம் தொங்கி, ஆட்டத்தை மறைக்கும். அதன் பின்விளிம்பைக் கையால் லேசாகத் தூக்கி, விட்டு, மறுபடி தூக்கிப் பாருங்கள். வலது எலிவேட்டரைப் பிடித்துக்கொண்டு இடதை மட்டும் அசைத்தும் பாருங்கள். இரண்டுக்கும் இடையே அசைவு இருந்தால் குற்றம் ராடில் இல்லை, இரண்டையும் சேர்க்கும் குழாயில் அல்லது அதன் ரிவெட்டில். தளர்ந்த ரிவெட்டைச் சுற்றிக் கறுப்பாகப் புகை படிந்த மாதிரி ஒரு கோடு இருக்கும். அது அலுமினியம் உரசி வந்த தூள். கீல்களையும் தனியாகச் சோதிக்க வேண்டும்.

அப்புறம், யோக் மேலும் கீழும், பக்கவாட்டிலும் தளதளவென்று ஆடினால் அது பெரும்பாலும் பேனலில் தண்டைத் தாங்கும் பகுதியின் தேய்மானம். அதையும் சரிசெய்ய வேண்டும், ஆனால் அது வேறு கதை. புதிதாக வருபவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். முன்னும் பின்னும் தள்ளும்போது வரும் ஆட்டத்தை மட்டும் இங்கே கணக்கில் எடுங்கள்.

ஏன் இவ்வளவு கவனம்? எலிவேட்டர் கையின் நீளம் 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் போல்ட்டில் அரை மில்லிமீட்டர் ஆட்டம். கீலில் இருந்து 350 மில்லிமீட்டர் பின்னால் இருக்கும் பின்விளிம்பில் அது மூன்றரை மில்லிமீட்டராக வந்து நிற்கும். அந்த மூன்றரை மில்லிமீட்டருக்குள் எலிவேட்டரை யாரும் பிடித்திருக்கவில்லை. வேகம் கூடும்போது, அந்தப் பிடிப்பில்லாத அசைவுக்குக் காற்றே சக்தி கொடுக்கத் தொடங்கினால் அதற்குப் பெயர் ஃப்ளட்டர். சில நொடிகளில் வாலைக் கிழித்துவிடக்கூடியது. எலிவேட்டரின் பின்விளிம்பில் இருக்கும் சின்னப் பலகையான ட்ரிம் டேபில் ஆட்டம் என்றால் இதைவிட மோசம். அதற்கு உற்பத்தியாளர் தனியாக ஒரு வரம்பு கொடுத்திருப்பார். எலிவேட்டரைப் பார்க்கும் அன்றைக்கே அதையும் அளந்துவிடுங்கள்.

இனி பழுதுபார்ப்பு. ஒரு விஷயம் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் இடத்தில் பராமரிக்கப்பட்ட ஒரு விமானம் எங்களிடம் வந்தது. மூன்று இணைப்புகளில் பளபளவென்று புதுப் போல்ட்டுகள். ஆனால் ஆட்டம் போகவில்லை. கழற்றிப் பார்த்தால் பெல்கிராங்கின் துளை முட்டை வடிவத்தில் இருந்தது. அதில் மாற்றி மாற்றிப் புதுப் போல்ட் போட்டிருக்கிறார்கள். ஆட்டம் தெரியாமல் இருக்கக் கேபிளையும் இறுக்கியிருந்தார்கள். இரண்டு கப்பிகளின் பேரிங் மணல் அரைப்பது போலச் சுற்றியது. பழைய குற்றம் ஒன்று, புதிதாகச் சேர்ந்தது இரண்டு. தேய்ந்த துளைக்குள் போட்ட புதுப் போல்ட் ஒரே கோட்டில்தான் உலோகத்தைத் தொடும். சுமை முழுக்க அந்தக் கோட்டில் இறங்கும். சில பத்து மணி நேரப் பறப்பிலேயே அதுவும் தேயும். உங்களிடம் போல்ட்டை மாற்று என்று சொன்னவர் துளையை அளந்துவிட்டுச் சொன்னாரா என்று மரியாதையாகக் கேளுங்கள்.

கழற்றும் முன் எல்லாத் திசையிலும் படம் எடுங்கள். எந்தப் போல்ட் எந்தப் பக்கம் நுழைந்திருக்கிறது, வாஷர் எத்தனை, எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். யோக்கில் சிவப்பு அட்டை தொங்கவிடுங்கள். கேபிளைத் தளர்த்தும்போது அது கப்பியை விட்டு நழுவாமல் கிளாம்ப் போட்டுப் பிடிக்க வேண்டும். நழுவிய கேபிள் தாங்கிக்கும் கப்பிக்கும் நடுவில் சிக்கியதைப் பார்க்காமல் மூடிவிட்டால் அதைவிடப் பெரிய தவறு இல்லை. கேபிள் தளர்ந்த இந்த நேரம்தான் வளையத்துக்குள் மறைந்திருந்த ஆட்டத்தையும் பார்க்கச் சரியான நேரம்.

போல்ட்டை வெளியே எடுத்ததும் துடைத்துவிட்டு நகத்தால் நெடுக வருடுங்கள். நகம் ஒரு படியில் தட்டினால் அது குப்பை. தட்டாவிட்டாலும் மைக்ரோமீட்டரில் அளந்துவிடுங்கள். விமானப் போல்ட்டுகளின் தர அளவுப் பெயரில் ஏஎன்3 என்றால் விட்டம் ஓர் அங்குலத்தில் 16இல் 3 பங்கு, ஏஎன்4 என்றால் 4 பங்கு. துளையை ஒரு திசையில் மட்டும் அளக்கக் கூடாது. சுமை வரும் திசையில் ஒரு முறை, அதற்குச் செங்குத்தாக ஒரு முறை. இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் துளை நீண்டுவிட்டது என்று பொருள்.

போல்ட் மட்டும் தேய்ந்து, துளை கையேட்டின் அளவுக்குள் இருந்தால் புதுப் போல்ட் போதும். துளையில் புஷ்ஷிங் இருந்து அது தேய்ந்திருந்தால் அதிர்ஷ்டம், தேய்வதற்கென்றே வைத்த துண்டு அது. அழுத்தி வெளியே எடுத்துப் புதிது போடலாம். எண்ணெய் ஊறிய வெண்கலப் புஷ்ஷிங் என்றால் சால்வென்ட்டில் கழுவவே கூடாது, உள்ளே ஊறியிருக்கும் எண்ணெய் போய்விடும். பேரிங் அழுத்திப் பொருத்தும் இடத்தில் வெளி வளையத்தை மட்டும் தள்ளுங்கள். உள் வளையத்தைத் தள்ளினால் குண்டுகள் ஓடுபாதையில் பள்ளம் போட்டுவிடும், புது பேரிங்கே முதல் நாளே சொரசொரக்கும்.

புஷ்ஷிங் இல்லாத வெறும் துளை நீண்டிருந்தால்தான் யோசிக்க வேண்டும். நான் முதலில் விலை கேட்பது புதுப் பெல்கிராங்குக்குத்தான். 1956இல் இருந்து 44,000க்கு மேல் கட்டப்பட்ட விமானம் 172, பாகம் கிடைப்பது அரிதல்ல. துளையைப் பெரிதாக்கி புஷ்ஷிங் வைக்கும் வழியும் உண்டு. ஆனால் அதற்கு அங்கீகரிக்கப்பட்ட பழுதுபார்ப்பு ஆவணம் கையில் இருக்க வேண்டும். நம் ஊர்ச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் உரிமம் பெற்றவர் கையெழுத்துப் போடப்போகிறார் என்றால், அனுபவம் மட்டும் ஆவணம் ஆகாது. துளையின் மையத்தில் இருந்து காதின் விளிம்புவரை குறைந்தது விட்டத்தைப் போல் இரண்டு மடங்கு உலோகம் இருக்க வேண்டும் என்பது பொது விதி. துளை பெரிதாகும்போது அந்த விகிதம் குறையும் என்பதை மறக்கக் கூடாது. ட்ரில் போடாதீர்கள். ட்ரில் தேய்ந்த பக்கமே ஓடி, மையத்தை நகர்த்திவிடும். மையம் நகர்ந்தால் கையின் நீளம் மாறும், எலிவேட்டரின் ஏற்ற இறக்கக் கோணமும் மாறும். அசையாமல் பிடிக்கும் ஜிக்கில் வைத்து, இரண்டு காதுகளையும் ஒரே ஓட்டத்தில், துளையைத் துல்லியமாக வழிக்கும் ரீமரால் துளைக்க வேண்டும். புஷ்ஷிங்கைக் குளிரவைத்து, ஈரப் பிரைமரோடு அழுத்தி ஏற்ற வேண்டும். இங்கே ஜொகூர் நீரிணையின் உப்புக்காற்று எப்போதும் உண்டு. எஃகும் அலுமினியமும் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு சீக்கிரம் தொடங்கும், பிரைமர் அதைத் தள்ளிப்போடும்.

வெல்டு, எப்பாக்சி இரண்டுமே வேண்டாம். பெல்கிராங்கின் அலுமினியக் கலவை வெப்பப் பதம் ஏற்றிய உலோகம். வெல்டு வைத்த இடத்தைச் சுற்றி அந்தப் பதம் போய்விடும், விரிசல் அங்கேதான் பிறக்கும். காட்மியம் பூசிய எஃகைச் சூடாக்கினால் வரும் புகை நுரையீரலுக்கு நஞ்சு. எப்பாக்சியோ, மாறி மாறி வரும் சுமையில் பொடியாக உதிர்ந்து, முன்பைவிடப் பெரிய துளையைக் கொடுத்துவிட்டுப் போகும்.

ராடு முனை பேரிங்கை மாற்றும்போது பழையதைச் சுழற்றி எடுக்கையில் எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ளுங்கள், மொத்த நீளத்தையும் அளந்து எழுதுங்கள். ராடில் ஒரு சிறிய சாட்சித் துளை இருக்கும். புது முனையைத் திருகிய பிறகு மெல்லிய கம்பியை அதில் விட்டுப் பாருங்கள், கம்பி புகக் கூடாது. புகுந்தால் மரை போதிய ஆழம் போகவில்லை. முனையின் குண்டு ஒரு நாள் கழன்றே போனாலும் ராடு போல்ட்டை விட்டு விலகாதபடி பெரிய வாஷர் எங்கே காட்டியிருக்கிறதோ அங்கே அதைக் கட்டாயம் போடுங்கள்.

திரும்பப் பூட்டும்போது, கையேடு வேறு மாதிரி சொல்லாத இடங்களில் போல்ட்டின் தலை மேலே அல்லது முன்னால் இருக்க வேண்டும். நட் கழன்றாலும் போல்ட் தன் எடையால் அங்கேயே தங்கும். சுழலும் இணைப்பில் தானே இறுகும் நட்டைத் தனியாக நம்பக் கூடாது. தலையில் வெட்டுகள் உள்ள கேஸல் நட், அந்த வெட்டின் வழியே பூட்டப் புதுக் காட்டர் பின். பழைய காட்டர் பின்னை நிமிர்த்தி மறுபடி போடுவதை நான் ஒருபோதும் அனுமதித்ததில்லை. போல்ட் உள் வளையத்தை இறுக்கிப் பிடிக்கும் இணைப்புக்குத்தான் முழு டார்க், அதாவது முறுக்கு விசை. ஏஎன்3க்குத் தடித்த நட் என்றால் 20 முதல் 25 அங்குல-பவுண்டு, மெல்லிய ஷியர் நட் என்றால் 12 முதல் 15. போல்ட்டே சுழல வேண்டிய கிளெவிஸ் (கவை போன்ற) இணைப்பில் நட்டை மெதுவாகக் கொண்டுவந்து நிறுத்தி பின் போட வேண்டும், காதுகளைக் கவ்வக் கூடாது.

கேபிளையும் இந்த வாய்ப்பில் துணியால் நெடுகத் துடைத்துப் பாருங்கள், அறுந்த இழை துணியில் மாட்டும். கப்பியின் மேல் ஓடும் இடத்திலோ முனைப் பொருத்தத்தில் இருந்து ஓர் அடிக்குள்ளோ ஒரே ஓர் இழை அறுந்திருந்தாலும் கேபிளை மாற்ற வேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் 43.13-1பி வழிகாட்டி சொல்கிறது. டர்ன்பக்கிளுக்கு வெளியே மூன்று மரைக்கு மேல் தெரியக் கூடாது. அப்புறம் கோணமானி வைத்து மேல் கோணம், கீழ்க் கோணம் இரண்டையும் அளந்து, கையேட்டோடு ஒப்பிட வேண்டும். 172இன் பல மாடல்களுக்கு மேலே 28 டிகிரி, கீழே 23. உங்கள் விமானத்தின் தொடர் எண்ணுக்கு என்ன என்று பார்த்துவிட்டே ஏற்றுக்கொள்ளுங்கள்.

இந்தப் படியைத் தாண்டிப் போவதன் விலையை நான் பயிற்சிக்கு வரும் எல்லோருக்கும் சொல்வேன். 2003 ஜனவரி 8ஆம் தேதி அமெரிக்காவின் சார்லட் நகரில் ஏர் மிட்வெஸ்ட் 5481 புறப்பட்ட உடனே விழுந்தது. பீச் 1900டி ரக விமானம், 21 பேரும் இறந்தார்கள். அதற்கு முன் நடந்த பராமரிப்பில் எலிவேட்டர் கேபிளின் இழுவிசையைத் திருத்தியிருந்தார்கள். டர்ன்பக்கிள்கள் தவறாக அமைந்ததால், எலிவேட்டர் கீழே போக வேண்டிய தூரத்தில் ஏறக்குறையப் பாதிதான் போனது. கேபிளையும் கோணங்களையும் சரிசெய்யும் ரிக்கிங் செய்முறையின் படிகள் சில செய்யப்படவில்லை. பின்பக்கம் பாரமும் கூடியிருந்ததால், மூக்கு மேலே போனபோது விமானிகளால் இறக்க முடியவில்லை. அந்த வேலைக்குப் பிறகு பல முறை அந்த விமானம் எதுவும் ஆகாமல் பறந்திருந்தது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 2000 பிப்ரவரி 16 அன்று, சாக்ரமெண்டோ அருகே எமரி 17 என்ற டிசி-8 சரக்கு விமானம் விழுந்து மூவர் இறந்ததும் எலிவேட்டர் கண்ட்ரோல் டேபின் ராடு கழன்றதால்தான். போல்ட் சரியாகப் பூட்டப்படவில்லை.

அதனால் வேலை முடிந்ததும், வேலையில் கை வைக்காத இன்னொரு உரிமம் பெற்றவர் முழுப் பாதையையும் மறுபடி பார்க்க வேண்டும். நீங்கள் வாலில் நின்று, அவர் யோக்கை இழுக்கும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்: "யோக் பின்னால், எலிவேட்டர் மேலே." தள்ளும்போது, "யோக் முன்னால், எலிவேட்டர் கீழே." கண்ட்ரோல் தலைகீழாக மாட்டிய விமானங்கள் உலகத்தில் உண்டு, தலையசைத்து ஒப்புக்கொண்டதால் அவை பறந்தன. டூல்களை எண்ணிவிட்டு மூடுங்கள்.

உங்கள் ஹேங்கருக்கு டயமண்ட் டிஏ40 வந்தால் அங்கே எலிவேட்டருக்குக் கேபிளே கிடையாது, முழுக்க ராடுகள். எனவே இழுவிசை எதையும் மறைக்காது, ஆனால் ராடு முனைகள் எல்லாவற்றையும் விரலால் தேட வேண்டும். பைப்பர் வாரியரில் வாலின் கிடைமட்டப் பகுதி முழுவதுமே அசையும், டேபின் ஆட்டத்துக்கு அங்கே கூடுதல் கவனம்.

இந்த வாரம் பெல்கிராங்கைக் கழற்றினால், உங்கள் மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்டு, தேய்ந்த போல்ட்டை மட்டும் பாகத்தின் பெயர் எழுதிய பையில் போட்டு எடுத்து வாருங்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜாலான் காயு புரோட்டாக் கடைப் பக்கம்தான் இருப்பேன். என் மைக்ரோமீட்டரையும் கொண்டு வருகிறேன், தேய்மானப் படி எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று உட்கார்ந்து பார்ப்போம்.